ஒரு நாடு அணுகுண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? எந்த அளவுகோலை நம்புவது?

2024 ஜூலையில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஆண்டனி பிளிங்கன், ஈரானுக்கு இன்னும் ஒன்றிரண்டு வாரம் போதும் என்றார். 2023 மார்ச்சில் அமெரிக்க முப்படைத் தளபதிகள் கூட்டுக் குழுவின் தலைவராக இருந்த மார்க் மில்லி, மூலப்பொருளுக்கு இரண்டு வாரத்துக்கும் குறைவு, அதை ஆயுதமாக்கப் பல மாதங்கள் என்று பிரித்துச் சொல்லியிருந்தார். 2025 மார்ச்சில் அமெரிக்க தேசிய உளவுத்துறை இயக்குநர் துளசி கபார்ட், ஈரான் அணு ஆயுதம் தயாரிக்கவில்லை என்பதே தங்கள் மதிப்பீடு என்று செனட் குழுவின் முன் சொன்னார். எல்லாம் ஒரே நாட்டு உளவு அமைப்புகள் திரட்டிய தகவலிலிருந்து வந்தவைதான். இதையெல்லாம் படித்துவிட்டு, யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. ஆனால் மூன்று கூற்றும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியும், ஏனென்றால் மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விக்கான பதில். பிளிங்கன் பேசியது பொருளைப் பற்றி, மில்லி பொருளோடு வேலையையும் சேர்த்துச் சொன்னார், கபார்ட் சொன்னது முடிவைப் பற்றி.

ஆகவே "எவ்வளவு பக்கம்" என்று கேட்பதற்கு முன்னால் எதற்குப் பக்கம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. உலகத்தில் இதை அளக்க நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: அணுப்பொருள் கணக்கு, ஆயுதமாக்கும் வேலையின் தடயங்கள், ஏவுகணையும் வெடிப்புச் சோதனையும், ஆட்சியாளர்களின் முடிவு. ஒரு செய்தியைப் படிக்கும்போது இவற்றில் எதற்கு எடை கொடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். நான் நான்கையும் எடுத்துப் பார்க்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதலாவது, இந்த அளவை வெளியாள் யாராவது போய்ச் சரிபார்க்க முடியுமா, இல்லை ஒரு அரசாங்கம் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதுதானா. இரண்டாவது, எவ்வளவு முன்கூட்டியே எச்சரிக்கும். குண்டு வெடித்த பிறகு சொல்கிற கருவியால் யாருக்கும் பயனில்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன்: தவறினால் எந்தப் பக்கம் தவறும்? இந்த விஷயத்தில் தவறு இரண்டு வகை. இருக்கிற ஆபத்தைக் காணாமல் விடுவது ஒன்று. இல்லாத ஆபத்தை இருப்பதாகச் சொல்வது இன்னொன்று. முதல் தவறுக்கு 1949 உதாரணம். சோவியத் யூனியன் ஆகஸ்ட் 29 அன்று தன் முதல் குண்டை வெடித்துவிட்டது, ஆனால் அதற்கு மூன்று வாரம் கழித்து செப்டம்பர் 20 தேதியிட்ட சிஐஏ மதிப்பீடு, சோவியத் குண்டு பெரும்பாலும் 1953 நடுவில்தான் வரும் என்று எழுதியிருந்தது. மூன்று நாள் கழித்து ட்ரூமன் உலகத்துக்கு உண்மையை அறிவித்தார். இரண்டாவது தவறுக்கு 2003 இராக். இல்லாத அணு ஆயுதத் திட்டத்தைக் காரணமாகச் சொல்லி ஒரு நாட்டின் மேல் படையெடுத்தார்கள், லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். "எச்சரிக்கையாக இருப்பதில் என்ன நஷ்டம்" என்று கேட்பவர்கள் இந்த இரண்டாவது தவறின் விலையை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

## அணுப்பொருள் கணக்கு

குண்டு செய்வதில் மிகக் கஷ்டமான, அதிகச் செலவு பிடிக்கிற பகுதி, அதற்கான உயர்செறிவு யுரேனியத்தையோ பிரித்தெடுத்த புளுட்டோனியத்தையோ பெறுவதுதான். அதனால் பெரும்பாலான மதிப்பீடுகள் இங்கேயே தொடங்குகின்றன. வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமை இதற்கென்று அளவு வைத்திருக்கிறது: உயர்செறிவு யுரேனியத்தில் இருக்கும் யுரேனியம்-235 என்றால் 25 கிலோ, புளுட்டோனியம் என்றால் 8 கிலோ. அவ்வளவு காணாமல் போனால் ஒரு குண்டு செய்யப்படும் சாத்தியத்தை ஒதுக்கிவிட முடியாது என்று பொருள். கையிருப்பு எவ்வளவு, எந்தச் செறிவில், யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்கள் எத்தனை ஓடுகின்றன என்று தெரிந்தால், ஒரு குண்டுக்கான பொருளை எத்தனை நாளில் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுவிடலாம். செய்திகளில் வருகிற "இரண்டு வாரம்" இந்தக் கணக்குதான்.

இதில் பலருக்குப் பிடிபடாத ஒன்று செறிவூட்டலின், அதாவது யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டுவதன், கணக்கு. இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 வெறும் 0.7%. அங்கிருந்து மின் உலைக்குத் தேவையான 4-5 சதவீதத்துக்குப் போவதிலேயே ஆயுதத் தரத்துக்கான மொத்த உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிடுகிறது. 20% வந்தால் சுமார் பத்தில் ஒன்பது பங்கு. 60 சதவீதத்திலிருந்து 90க்குப் போவது மிகச் சின்ன தூரம். எண்ணைப் பார்த்தால் பாதி வழி மாதிரித் தெரியும், உழைப்பைப் பார்த்தால் கிட்டத்தட்ட வந்து சேர்ந்தாயிற்று. ஈரான் உலக வல்லரசுகளுடன் செய்த 2015 ஒப்பந்தத்தில் அதை 3.67 சதவீதத்திலும் 300 கிலோ யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடிலும் (செறிவூட்டப் பயன்படும் யுரேனியச் சேர்மம்) கட்டிப்போட்டதற்கு இதுதான் காரணம். ஒப்பந்தத்துக்கு முன் இரண்டு மூன்று மாதமாக இருந்த அவகாசம் அதனால் ஓராண்டாக நீண்டது. 2018 மே மாதம் அமெரிக்கா வெளியேறியது. 2021 ஏப்ரலில் ஈரான் 60 சதவீதத்தைத் தொட்டது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் தாக்கத் தொடங்கியபோது ஈரானிடம் 60% செறிவில் 440.9 கிலோ இருந்ததாக முகமை கணக்கிட்டது. அந்தச் செறிவில் ஏறக்குறைய 42 கிலோவை மேலும் செறிவூட்டினால் ஒரு குண்டுக்குப் போதும் என்பது முகமையின் அளவு, அப்படியென்றால் பத்துக்குப் போதும்.

நான்கு அளவுகோல்களில் வெளியாள் எடைபோட்டு, முத்திரை வைத்து, கேமரா மாட்டிச் சரிபார்க்கக்கூடியது இது ஒன்றுதான். அரசியல்வாதியின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. நுண்ணிய மாதிரிகள் கூடப் பேசும். 1992ல் வட கொரியா, ஒரே ஒரு தடவை, 1990ல், கொஞ்சம் புளுட்டோனியம் பிரித்ததாகச் சொன்னது. மாதிரிகளைப் பரிசோதித்த முகமை, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பிரித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. 2023 தொடக்கத்தில் ஈரானின் ஃபோர்டோ செறிவூட்டல் ஆலையில் 83.7% செறிவுள்ள துகள்கள் அகப்பட்டதும் இப்படித்தான்.

சரி, மறைந்திருக்கும் செலவு என்ன? முதலாவது, கணக்கில் வராத பொருளைக் கணக்குக்குத் தெரியாது. 1991க்கு முன் இராக்கில் துவைதா அணு ஆய்வு வளாகத்துக்கு ஆய்வாளர்கள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அறிவிக்கப்பட்ட பொருள் எல்லாம் சரியாக இருந்தது. அதே வளாகத்தில் அவர்கள் பார்க்காத கட்டடங்களில் ரகசியத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. வளைகுடாப் போருக்குப் பிறகுதான், அமெரிக்கா 1940களில் பயன்படுத்திக் கைவிட்ட மின்காந்த முறையில் இராக் யுரேனியத்தைப் பிரிக்க முயன்றது வெளியே வந்தது.

சீனாவின் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. 1964 ஆகஸ்டில் லாப்நூரில் சோதனைக் களம் தயாராவதை அமெரிக்கா செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிட்டது. ஆனாலும் சீனாவிடம் போதுமான அணுப்பொருள் இருக்காது என்று தங்கள் கணக்கு சொன்னதால், ஆண்டு முடிவதற்குள் வெடிக்க வாய்ப்பு குறைவு என்று மதிப்பிட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது புளுட்டோனியக் குண்டு. அக்டோபர் 16 அன்று சீனா வெடித்தது யுரேனியக் குண்டு. கண்ணெதிரே தெரிந்த சோதனைக் கோபுரத்தைவிடக் காகிதத்தில் போட்ட கணக்கை நம்பியதன் விளைவு இது.

இரண்டாவது செலவு எதிர்ப்பக்கம். பொருள் இருக்கிறது என்பதற்காகக் குண்டு வந்துவிடாது. ஜப்பானுக்குச் சொந்தமாகப் பிரித்தெடுத்த புளுட்டோனியம் சுமார் 44 டன். பெரும்பகுதி பிரிட்டனிலும் பிரான்சிலும் இருக்கிறது, உள்நாட்டில் இருப்பது எட்டு ஒன்பது டன். உள்நாட்டில் இருப்பதை மட்டும் 8 கிலோவால் வகுத்தாலே ஆயிரத்தைத் தாண்டுகிறது. இந்த அளவுகோல் ஒன்றையே வைத்துப் பார்த்தால் ஈரானைவிட ஜப்பான்தான் பயப்பட வேண்டிய நாடு. அப்படி யாரும் பயப்படுவதில்லை, அந்தப் பயமின்மைக்குக் காரணம் பொருள் கணக்கில் கிடைக்காது.

## ஆயுதமாக்கும் வேலையின் தடயங்கள்

பொருள் கிடைத்த பிறகு அதைக் குண்டாக மாற்றும் பொறியியல் வேலை தனி. மில்லி சொன்ன "பல மாதங்கள்" இதைத்தான். ஒரு நாடு இந்த வேலையைத் தொட்டிருக்கிறதா என்று தெரிந்தால், அந்த நாடு என்ன நினைக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும், ஏனென்றால் மின்சாரத்துக்காகச் செறிவூட்டுகிறேன் என்று சொல்லலாம், ஆயுத வடிவமைப்புக்கு அப்படி ஒரு சாக்கு கிடைக்காது.

சிக்கல் என்னவென்றால் இந்த வேலை சின்ன இடத்தில், கொஞ்சம் பேரால், செயற்கைக்கோளுக்குத் தெரியாமல் நடக்கும். வேலை செய்பவர்களின் மூளையிலும் கணினியிலும் இருப்பதை யாரும் எடைபோட முடியாது. தகவல் வருவதெல்லாம் ஒட்டுக்கேட்டது, ஆவணங்கள், உள்ளேயிருந்து வெளியே வந்தவர்கள் மூலம்தான். தைவானின் ரகசியத் திட்டம் 1988ல் நின்றது, அணுசக்தி ஆய்வு நிறுவனத்தின் துணை இயக்குநர் சாங் சியென்-யி அமெரிக்காவுக்குப் போய்விட்டதால். அவர் போகாமல் இருந்திருந்தால் எந்தப் பொருள் கணக்கு அதைக் காட்டியிருக்கும் என்று சொல்வது கஷ்டம்.

ஈரான் விஷயத்தில் இந்த அளவுகோல் ஓரளவு நன்றாகவே வேலை செய்திருக்கிறது. 2003 இலையுதிர் காலத்தில் ஈரான் ஆயுதத் திட்டத்தை நிறுத்திவிட்டது என்று 2007ல் அமெரிக்க உளவு அமைப்புகள் சேர்ந்து மதிப்பிட்டன. 2015 டிசம்பரில் முகமையும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது: 2003 முடிவதற்கு முன் ஒருங்கிணைந்த முயற்சி நடந்தது, சில வேலைகள் அதற்குப் பிறகும் நடந்தன, 2009க்குப் பிறகு நம்பத்தகுந்த தடயம் இல்லை.

ஆனால் இதே வகைத் தடயம்தான் இராக்கிலும் சொல்லப்பட்டது. அலுமினியக் குழாய்கள் மையவிலக்கு இயந்திரத்துக்கு என்றார்கள், நைஜரிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதற்கு ஆவணம் இருக்கிறது என்றார்கள். 2003 மார்ச் 7 அன்று முகமையின் தலைவர் முகமது எல்பராதே பாதுகாப்புக் கவுன்சிலில், அந்த ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்றும் இராக் திட்டத்தை மறுபடி தொடங்கியதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னார். இரண்டு வாரம் கூடக் காத்திருக்காமல் போரைத் தொடங்கினார்கள். களத்துக்குப் போய்ப் பார்த்த ஆய்வாளர் ஒன்று சொல்கிறார், போகாத அரசாங்கம் வேறொன்று சொல்கிறது என்றால் நான் ஆய்வாளர் பக்கம்தான் சாய்வேன். 2003ஐப் படித்த பிறகு வேறு மாதிரி நினைக்க எனக்குத் தெரியவில்லை.

## ஏவுகணையும் வெடிப்புச் சோதனையும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஏவுகணைச் சோதனை டிவியில் நன்றாகத் தெரியும், அதனால் அதற்குத் தகுதிக்கு மேல் எடை கிடைக்கிறது. 1980களின் இறுதியில் சவூதி அரேபியா சீனாவிடமிருந்து நடுத்தூர ஏவுகணை வாங்கியது, இன்றுவரை குண்டு இல்லை. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகளைச் செய்து முடித்தது. அவை விமானத்திலிருந்து போடுவதற்கானவை. ஏவுகணை இருந்தால் குண்டு வரும் என்றோ, இல்லாவிட்டால் வராது என்றோ சொல்ல வழியில்லை. ஏற்கெனவே குண்டு இருக்கிற நாடு எவ்வளவு தூரத்தை எட்டும் என்று பார்க்கத்தான் இது பயன்படும். வட கொரியா முதல் குண்டை வெடித்தது 2006 அக்டோபரில், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்தது 2017ல். இடையில் பதினோரு ஆண்டு.

வெடிப்புச் சோதனையைப் பொறுத்தவரை, நில அதிர்வுக் கருவிகள் அதைப் பிடித்துவிடும், சந்தேகத்துக்கு இடமே இருக்காது. ஆனால் அது காலம் கடந்த செய்தி. அதைவிட மோசம், சோதனை இல்லாததை வைத்து நிம்மதி அடைவது. ஹிரோஷிமாவில் போட்ட குண்டின் வடிவம் அதற்கு முன் சோதிக்கப்படவே இல்லை. தென்னாப்பிரிக்காவும் வெடித்துக் காட்டவில்லை. 1977ல் அதன் கலஹாரி சோதனைக் களத்தை சோவியத் செயற்கைக்கோள் கண்டுபிடித்ததால் அப்போதைக்குப் பின்வாங்கியது, ஆனால் குண்டு செய்வதை விடவில்லை. 1993 மார்ச்சில் அதிபர் டி கிளர்க் வெளிப்படையாகச் சொன்னபோது எல்லாம் பிரித்துப்போடப்பட்டிருந்தது.

## ஆட்சியாளர்களின் முடிவு

1963 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கென்னடி, 1970களில் 15 முதல் 25 நாடுகள் வரை அணு ஆயுதம் வைத்திருக்கக்கூடும் என்று கவலைப்பட்டார். இன்று எண்ணினால் ஒன்பதுதான். திறன் இல்லாததால் மற்றவர்கள் நின்றுவிடவில்லை. ஸ்வீடன் தனக்கென்று திட்டம் வைத்திருந்து கைவிட்டது. தென் கொரியா 1970களில் தொடங்கி அமெரிக்க நெருக்கடியால் நிறுத்தியது. ஜெர்மனியும் நெதர்லாந்தும் யுரேனியம் செறிவூட்டுகிற நாடுகள். தூரத்தைத் தீர்மானித்தது அரசியல்தான். பாகிஸ்தானைப் பாருங்கள்: 1980களின் இரண்டாம் பாதியிலேயே அதனால் குண்டு செய்ய முடியும் என்று பரவலாகக் கருதப்பட்டது, 1990ல் அமெரிக்க அதிபரால் பாகிஸ்தானிடம் குண்டு இல்லை என்று சான்று கொடுக்க முடியாமல் அமெரிக்க உதவி நின்றது, ஆனால் அது வெடித்தது 1998 மே 28 அன்று, அதுவும் இந்தியா வெடித்த 17 நாளில்.

இந்தியாவின் கணக்கும் அப்படித்தான். 1974 மே 18க்கும் 1998 மே 11க்கும் இடையில் 24 ஆண்டு. அந்தக் காலம் முழுக்க "எவ்வளவு பக்கம்" என்று கேட்டிருந்தால் தொழில்நுட்பரீதியான பதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கும். 1995 இறுதியில் பொக்ரானில் நடந்த ஏற்பாட்டை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் பார்த்துவிட்டன, நெருக்கடி வந்தது, சோதனை நடக்கவில்லை. 1998ல் செயற்கைக்கோள் எப்போது தலைக்கு மேல் வரும் என்று தெரிந்துகொண்டு வேலை நடந்தது, அமெரிக்கா அறிவிப்பைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டது. இத்தனைக்கும் ஆட்சிக்கு வந்த பாஜக தன் தேர்தல் அறிக்கையிலேயே அணு ஆயுதத்தைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பைப் பயன்படுத்துவோம் என்று எழுதியிருந்தது. வெளிப்படையாக அச்சடித்துக் கொடுத்ததை வெறும் தேர்தல் பேச்சு என்று விட்டுவிட்டார்கள்.

அப்படியென்றால் நோக்கத்தை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது, இதன் செலவு பெரியது. முடிவு ஒரு சிலரின் தலைக்குள் இருக்கிறது, அது ஒரே இரவில் மாறும். ஒரு நாட்டின் மேல் குண்டு விழுந்தால், பாதுகாப்புத் தரும் கூட்டாளி விலகினால், அண்டை நாடு வெடித்தால், நேற்றைய மதிப்பீடு செல்லாது. அப்புறம், நோக்கத்தைப் பற்றிப் பேசுபவர்களுக்கும் நோக்கம் உண்டு. 1992ல் நெதன்யாகு, ஈரான் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் குண்டு செய்யும் திறனைப் பெறும் என்றார். 2012ல் ஐநாவில் வெடிகுண்டுப் படத்தைக் காட்டிச் சிவப்புக் கோடு போட்டார். இதற்காக அவர் சொன்னதெல்லாம் பொய் என்று தள்ளுவது சரியில்லை, இடையில் 2010ல் தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் கணினி வைரஸ் மாதிரி நாசவேலைகளும் விஞ்ஞானிகளின் கொலைகளும் 2015 ஒப்பந்தமும் வேகத்தைக் குறைத்தன. ஆனாலும் மூன்று பத்தாண்டுகளாக "இதோ வந்துவிட்டது" என்று வருகிற மதிப்பீட்டில், முடியும் என்பதும் செய்வார்கள் என்பதும் ஒன்றாகக் குழைக்கப்பட்டிருக்கிறது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | வெளியாள் சரிபார்க்க முடியுமா | எவ்வளவு முன்கூட்டி | பெரும்பாலும் எப்படித் தவறும் |
|---|---|---|---|
| அணுப்பொருள் | முடியும், ஆய்வாளரை உள்ளே விட்டால் | வாரங்கள் முதல் ஆண்டுகள் வரை | மறைத்ததைக் காணாது. இருப்பதை வைத்து மிகையாகப் பயமுறுத்தும் |
| ஆயுதமாக்கும் வேலை | மிகக் கஷ்டம் | தடயம் கிடைத்தால் ஆண்டுகள் | இரண்டு பக்கமும். போலி ஆவணத்துக்கு இடம் கொடுக்கும் |
| ஏவுகணை, சோதனை | எளிது | ஏவுகணை தெளிவில்லை. சோதனை காலம் கடந்தது | தெரிவதைப் பெரிதாக்கும் |
| ஆட்சியாளர்களின் முடிவு | முடியாது | ஒரே இரவில் மாறலாம் | நாம் நம்ப விரும்புவதை நம்ப வைக்கும் |

முதல் வரிசையில் "உள்ளே விட்டால்" என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. நான்கில் எதை நம்புவது என்பதை, அந்த நாட்டில் ஆய்வாளர்கள் எங்கெல்லாம் போக முடிகிறது என்பது தீர்மானிக்கிறது. இராக் பாடத்துக்குப் பிறகு 1997ல் முகமை கூடுதல் நெறிமுறை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட இடங்களைத் தாண்டியும் போகலாம், மாதிரி எடுக்கலாம், மையவிலக்கு இயந்திரம் செய்யும் பட்டறை வரை தகவல் கேட்கலாம். அதை ஏற்று நடைமுறைப்படுத்தும் நாட்டின் எண்ணுக்கும், அதை நிறுத்திவிட்ட நாட்டின் எண்ணுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. ஈரான் 2021 பிப்ரவரியில் அதை நடைமுறைப்படுத்துவதை நிறுத்தியது, 2022 ஜூனில் கேமராக்களைக் கழற்றியது. அன்றிலிருந்து மையவிலக்கு உதிரிபாகங்கள் எத்தனை செய்யப்பட்டன என்பதற்குத் தொடர்ச்சியான கணக்கு இல்லை. கையிருப்பு கிலோ கணக்கில் துல்லியமாக வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ரகசிய ஆலை ஒன்றை அமைக்க முடியுமா என்ற கேள்விக்கான பதில் மங்கிக்கொண்டே போனது. அந்த மங்கலைத் தலைப்புச் செய்திகள் சொல்வதே இல்லை.

## எந்த நாட்டுக்கு எது

முழுக் கண்காணிப்பில் இருக்கும், திறன் நிறைந்த நாடு. ஜப்பான், ஜெர்மனி, நெதர்லாந்து மாதிரி. இங்கே பொருள் கணக்குச் சொல்வது குறைவு, அரசியலைக் கவனியுங்கள். கூட்டாளியின் பாதுகாப்பு உறுதி தளர்கிறதா, நாடாளுமன்றத்தில் பேச்சு மாறுகிறதா என்பதுதான் முதல் அறிகுறி. தென் கொரியாவில் சொந்தக் குண்டு வேண்டும் என்பதற்குக் கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மை ஆதரவு வருகிறது. பொருள் ஒரு கிராம் கூடாமலேயே அந்த நாட்டின் தூரம் குறையக்கூடும்.

கையிருப்பு பெருத்து, கண்காணிப்பு சுருங்கும் நாடு. ஈரான். இங்கே பொருள் கணக்கையும் கண்காணிப்பின் நிலையையும் சேர்த்தே படிக்க வேண்டும். நோக்கம் பற்றிய உறுதிமொழியை நான் இங்கே கடைசியில் வைப்பேன், ஈரான், அதன் எதிரிகள் என இரண்டு தரப்பின் உறுதிமொழியையும்தான்.

கதவைச் சாத்திவிட்ட நாடு. வட கொரியா 2003 ஜனவரியில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2010 நவம்பரில் அமெரிக்க விஞ்ஞானி சிக்ஃபிரீட் ஹெக்கரை யோங்பியோன் அணு வளாகத்துக்கு அழைத்துப் போய்ச் சுமார் 2,000 மையவிலக்கு இயந்திரங்கள் இருக்கும் புது ஆலையைக் காட்டினார்கள். காட்டும்வரை அது அங்கே இருப்பது வெளியே தெரியவில்லை. இப்படிப்பட்ட நாட்டுக்கு நாள் கணக்கு சொல்பவரை நம்ப வேண்டாம், சோதனைகளையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து ஒரு வரம்பு சொல்பவரை நம்பலாம்.

இப்போதுதான் தொடங்கும் நாடு. சவூதி அரேபியா. ஈரான் குண்டு செய்தால் நாங்களும் செய்வோம் என்று பட்டத்து இளவரசர் 2018ல் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிட, செறிவூட்டும் உரிமையை விட்டுக்கொடுக்கிறதா, கூடுதல் நெறிமுறையில் கையெழுத்திடுகிறதா என்பவை பெரிய கேள்விகள். ஐக்கிய அரபு அமீரகம் 2009ல் அமெரிக்காவுடன் செய்த ஒப்பந்தத்தில் செறிவூட்டலையும் புளுட்டோனியம் பிரிப்பதையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது, அதற்குப் பிறகுதான் பராக்காவில் நான்கு உலைகள் எழுந்தன. அந்த ஒரு கையெழுத்து, எந்தப் பேச்சையும்விட அதிகத் தூரத்தை உறுதி செய்கிறது.

பணமும் சாமானும் வாங்கிக் குவித்த நாடும் சில சமயம் வெகு தூரத்தில் இருக்கும் என்பதற்கு லிபியா இருக்கிறது. பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் ரகசிய வலையமைப்பிடமிருந்து மையவிலக்கு இயந்திரங்கள் வாங்கியது, ஆயுத வடிவமைப்பின் வரைபடங்கள் கூடக் கையில் இருந்தன, ஆனால் 2003 டிசம்பரில் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்து ஆய்வாளர்களை உள்ளே விட்டபோது, பல பெட்டிகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. ஓட்டத் தெரிந்த ஆட்கள் இல்லை. பட்டியலில் இருக்கும் சாமானை எண்ணி நாள் குறிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த தடவை "இத்தனை வாரம்" என்று ஒரு எண் கண்ணில் பட்டால் மூன்று விஷயம் பாருங்கள். அது பொருளுக்கா, வெடிக்கும் ஆயுதத்துக்கா, ஏவுகணையில் ஏற்றக்கூடிய ஆயுதத்துக்கா. சொன்னவர் களத்துக்குப் போனவரா, போனவரை மேற்கோள் காட்டுபவரா, இல்லை இரண்டும் இல்லாதவரா. கடைசியாக, அந்த எண் எந்தத் தேதிக்கானது. 440.9 கிலோ என்று இப்போது யாராவது எழுதினால், அது 2025 ஜூன் 13 வரை இருந்த தகவலில் போட்ட கணக்கு. அதற்குப் பிறகு நட்டான்ஸ், ஃபோர்டோ, இஸ்ஃபஹான் அணு நிலையங்கள் மேல் குண்டுகள் விழுந்தன, ஜூலை தொடக்கத்தில் ஆய்வாளர்கள் வெளியேறினார்கள், பல மாதங்களாக அந்த இருப்பை முகமையால் நேரில் சரிபார்க்க முடியவில்லை. அந்தத் தேதியைச் சேர்த்து எழுதாத கட்டுரை எவ்வளவு துல்லியமாக நாள் கணக்குச் சொன்னாலும் நான் அதற்கு எடை கொடுக்க மாட்டேன்.